கிளீனர் சைடு

நீங்கள் அங்கே இல்லை. அதனாலேயே உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் அன்றே என் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், கையும் தட்டிவிட்டார்கள். தட்டிய கைகளை மறுபடி கூண்டில் ஏற்றினால் அவை மறுபடியும் தட்டத்தான் செய்யும். உங்கள் காதில் என் குரல் விழவில்லை. எழுத்து மட்டுமே உங்கள் முன் இருக்கிறது. குரல் இல்லாத இடத்தில் நான் எவ்வளவு சிறியவன் என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம்.

நான் மேடையில் பேசப் பயின்றவன். பள்ளிப் பருவம் முதல் கல்லூரியின் கடைசி ஆண்டு வரை திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் ஏறாத மேடை குறைவு. தலைப்பு எதுவாயினும் எந்தப் பக்கமும் பேசுவேன். காலையில் ஒட்டி, மாலையில் வெட்டி. எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்தினால் எதிரே இருப்பவர்கள் கை தட்டுவார்கள் என்பது எனக்குப் பசி தெரிவதைப்போலத் தெரியும். எங்கள் வீட்டு அலமாரியில் மாதா சுரூபம் நிற்கும் இடம் போக மற்றதெல்லாம் என் கேடயங்கள். ஜெபமாலையை வைக்க இடமில்லாமல் அம்மா அதை ஆணியில் மாட்டியிருந்தார். எனக்கு அதில் வெட்கம் இருந்ததில்லை, பெருமைதான் இருந்தது.

என் அக்காவின் கணவர் டிங்கர். நசுங்கிய தகரத்தை நிமிர்த்துவதும், துருவேறிய இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைப்பதும் அவர் தொழில். நான் அவரை மச்சான் என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். பெரிய பட்டறை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் கைவேலை பார்த்தவர், நாகல் நகரில் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை பிடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துப் போனார். மச்சானை நம்பி, அதே பழைய பட்டறையின் நிரந்தர வேலையை உதறிவிட்டுப் பெயிண்டர் ஒருவரும் உடன் வந்தார். நாற்பதைத் தொடும் வயது. கொட்டகைக்கு அடுத்த தெருவில் வீடு. அவரை நான் பெயிண்டர் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

கொட்டகைக்கு வந்த முதல் வண்டி, ஆயக்குடிக் கொய்யாத்தோப்புக்காரர் ஒருவரின் பழைய அம்பாசிடர். அவருடைய தந்தை ஓட்டியது. தந்தை போன பிறகு தோப்புக் கொட்டகையில் கொய்யாக் கூடைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் கிடந்திருக்கிறது. தன் மகளின் கல்யாணத்துக்குப் பெண்ணை அந்த வண்டியில்தான் அழைத்து வரவேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை.

"இத நல்லபடியா முடிச்சுக் குடுங்க. எங்க மாமனார் வூட்டுல, ஒட்டன்சத்திரத்துல, இன்னும் ரெண்டு பழைய வண்டி நிக்குதுங்க. அதும் உங்களுக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாக்கின் மேல்தான் கொட்டகை நின்றது. இந்த வண்டி நன்றாக முடிந்தால் மச்சான் தொழில்காரர். கெட்டால் மறுபடியும் எவரிடமோ கைவேலைக்காரர். பெயிண்டர் அண்ணனின் நிலையும் அதுவே. இது எனக்கு அன்றே தெரியும். தெரியாது என்று சொல்லி உங்களிடம் தப்பிக்கப் பார்க்கமாட்டேன்.

கதவுகளைக் கழற்றிய நாள் ஒரு சனிக்கிழமை. பெயிண்டர் அண்ணன் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். காலையில் மச்சான் என்னைப் போனில் அழைத்தார்.

"மாப்ள, கதவப் பிடிக்க ஒரு ஆளு வேணும். வாய வீட்டுல விட்டுட்டு, கைய மட்டும் கொண்டாந்தாப் போதும்."

நான் இரண்டையும் கொண்டுபோனேன்.

பழைய காரின் கதவு அவ்வளவு கனம் என்பது அதைத் தோளில் வாங்கும் வரை எனக்குத் தெரியாது. கண்ணாடியையும் உள்பக்க அட்டையையும் கைப்பிடியையும் மச்சான் முன்பே எடுத்துவிட்டிருந்தார். அப்படியும் அது ஒரு நோயாளியைத் தாங்கிப் பிடிப்பதைப்போலக் கனத்தது. அடியில் ஜாக்கி வைத்து, அதன்மேல் கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, கதவை அதில் அமர்த்தினார். முதல் நாளே டீசல் விட்டு ஊறவைத்திருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகினார். கடைசிப் போல்ட்டு விடுபடும்போது கதவு ஒருமுறை சரிந்து, என் தோளுக்கு வந்து, நின்றது.

அப்போது கீலுக்கும் அது பொருந்தியிருந்த காரின் தூணுக்கும் இடையிலிருந்து சின்னத் தகடுகள் சில விழுந்தன. நகத்தின் கனம்கூட இல்லாதவை. மச்சான் ஒன்று விடாமல் பொறுக்கினார்.

"இது பேக்கிங்கு. கதவ முன்ன பின்ன தள்ளி நிறுத்துறது இதுதான். ஒரு கீலுக்கு ரெண்டு இருக்கும், ஒண்ணுக்கு நாலு இருக்கும், ஒண்ணுக்கு இருக்கவே இருக்காது. இந்த வண்டில ஒரு கதவு மாதிரி இன்னொரு கதவு கெடையாது. எவனோ ஒருத்தன் ஒக்காந்து ஒவ்வொண்ணா அளந்து வச்சிருக்கான். நாம பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே மாட்டிட்டாப் போதும்."

தூணில் கீல் இருந்த இடத்தை ஆணியால் கீறி வைப்பது வழக்கமாம். ஆனால் இந்த வண்டியின் தூண்களையே சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள், கீறல் நிற்காது. ஆகவே தகடுகளை மருந்துக்கடைக் காகிதப் பைகளில் போட்டு, எந்தக் கதவு, எந்தக் கீல் என்று எழுதி வைக்கவேண்டும். எழுதும் வேலை என்னுடையது. காரின் முன்னால் நின்று, பானெட்டின் மேல் பையை வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தேன்.

"எழுது மாப்ள. டிரைவர் சைடு, முன்னாடி, மேல் கீலு."

"அப்ப அந்தப் பக்கம்?"

"கிளீனர் சைடு."

"இது காரு மச்சான். காருக்கு ஏது கிளீனரு?"

"லாரில இருந்தான்ல? பேரு அங்கருந்து எறங்கி வந்துருச்சு. இருந்துட்டுப் போறான். எழுது."

"தமிழ்ல வலம், இடம்னு ரெண்டு நல்ல சொல்லு சும்மா கெடக்கு. அத விட்டுட்டு, இல்லாத கிளீனர எதுக்கு வண்டில ஏத்தணும்?"

"யப்பா சாமி, அடுத்த கதவு என் தோள்ல இருக்கு. எதையாச்சும் எழுது. ஆனா எழுது."

எழுதினேன். 'இடம், முன், மேல்.' 'வலம், முன், கீழ்.' கல்வெட்டுப் போன்ற எழுத்து என்று பள்ளியில் பரிசு வாங்கிய எழுத்து. மச்சான் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, "கல்யாணப் பத்திரிகையே அடிக்கலாம்டா" என்றார். போனில் ஒரு படம் எடுத்து வைக்கவும் சொன்னார். எடுத்தேன்: கழற்றிய கதவின் அருகே நான் நிற்கும் படம். கீலும் தெரியவில்லை, தகடும் தெரியவில்லை. என் முகம் நன்றாகத் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து வண்டி வேறு வண்டியாக இருந்தது. அடித்தளத்தில் மச்சான் வைத்த புதுத் தகரத்தின் தையல் எங்கே என்று தேடியும் அகப்படவில்லை. அதன்மேல் பெயிண்டர் அண்ணன் பூசியிருந்த வெண்ணெய் நிறத்தில் குனிந்தால் பல் தெரிந்தது. கதவுகள் நான்கும் தனித்தனியே பெயிண்ட் ஏறி, பழைய போர்வைகளின்மேல் சாய்ந்து கிடந்தன. மறுநாள் ஆயக்குடிக்காரர் வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கதவுகளைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங் ஊரில் கிடைக்காமல், மச்சான் விடியற்காலையிலேயே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார். போகும்போது எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டே போனார்.

"கதவத் தொங்க விட்டு மட்டும் வைங்க. கேப்பு நான் வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் ஒரு கதவையும் சாத்திப் பாக்க வேணாம்."

கேப்பு என்பது கதவுக்கும் கதவுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடவேண்டிய சந்து. அதைச் சரிபார்க்காமல் சாத்தினால் விளிம்பில் விளிம்பு உரசும். இதை அவர் எனக்கு விளக்கவில்லை. விளக்கத் தேவையில்லாத அளவுக்குத் தெளிவாக, சாத்தவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

பெயிண்டர் அண்ணனும் நானும் டிரைவர் பக்கத்துப் பின்கதவில் தொடங்கினோம். நான் தாங்குவேன், அவர் முடுக்குவார். அவர் கேட்கும் பையை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். டிரைவர் இருக்கை இருப்பது காரின் வலப்பக்கம். ஆகவே 'வலம்' என்று எழுதிய பைகளை எடுத்தேன். பின்கதவு முடிந்து முன்கதவுக்கு வந்தபோது அவர் பையைக் கையில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நின்றார்.

"தம்பி, இம்புட்டுத் தகடு இங்க வராதே. இந்தத் தூணு அம்புட்டு உள்ள வாங்கியா இருக்கு?"

"எழுதியிருக்குண்ணே."

"பின்னாடிக் கதவுக்கு ஒண்ணுமே இல்ல, முன்னாடிக் கதவுக்கு இம்புட்டு... ஒருதடவ மச்சானுக்குப் போனப் போட்டுக் கேளுங்களேன்."

"அவர் பஸ்சுல இருப்பாருண்ணே. நான் பக்கத்துல நின்னு எழுதுனது. என் எழுத்து."

"படிச்ச புள்ள எழுதியிருந்தா சரி" என்று சொல்லி முடுக்கினார்.

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை எங்கும் வைக்க இடமில்லாமல் சுமந்து திரிகிறேன்.

டிரைவர் பக்கத்துக் கதவுகள் இரண்டும் தொங்கின. மறுபக்கத்துக்குப் போய்ப் பின்கதவைத் தூக்கி, முதல் போல்ட்டை அவர் கோத்துக்கொண்டிருந்தபோது சந்து முனையில் ஒரு வண்டி நின்றது. ஆயக்குடிக்காரர் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் ஒரு கூடை கொய்யா.

"நாளைக்குத்தான் வர்றதா இருந்தேனுங்க. மனசு கேக்கல. மன்னிச்சுக்கோங்க."

கதவின் கனம் முழுவதையும் பெயிண்டர் அண்ணனின் தோளில் விட்டுவிட்டு நான் அவரை வரவேற்கப் போனேன். வரவேற்புரை எனக்குக் கைவந்த கலை. அவர் காரை ஒருமுறை சுற்றிவந்தார். வெண்ணெய் நிறத்தை விரல் நுனியால் தொட்டார். டிரைவர் பக்கத்து முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே குனிந்து பார்த்தார். குரல் மாறியிருந்தது.

"எங்கப்பாரு இந்தக் கதவ எப்பவும் ஓங்கித்தான் சாத்துவாருங்க தம்பி. அந்தச் சத்தம் கேட்டாப் போதும், வூட்டுல அத்தன பேரும் எந்திரிச்சு நின்னுக்குவோம்."

கூட்டத்தின் உள்ளம் நெகிழும் கணத்தை நான் அறிவேன். அந்தக் கணத்தில் ஒரு சொல்லைப் போட்டால் அது வேர்பிடிக்கும். போட்டேன்.

"சாத்திப் பாருங்கய்யா. இன்னைக்கும் அந்தச் சத்தம் கேக்கட்டும்."

"அண்ணே, சாத்தாதீங்க!" என்று காரின் மறுபக்கத்திலிருந்து பெயிண்டர் அண்ணன் கத்தினார். தோளில் கதவு, ஓடிவர முடியாது.

அதற்குள் ஆயக்குடிக்காரர் ஓங்கிச் சாத்திவிட்டார். கேட்டது அவர் தந்தையின் சத்தம் அல்ல. முன்கதவின் விளிம்பு பின்கதவின் விளிம்பில் ஏறிக் கடித்தது. மேலிருந்து கீழ்வரை இரண்டு கதவுகளிலும் வெண்ணெய் நிறம் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே சாம்பல் நிறத் தகரம் தெரிந்தது. கதவு பாதியில் மாட்டி நின்றுவிட்டது. திறக்கவும் வரவில்லை, மூடவும் வரவில்லை.

"ஏனுங்க தம்பி, இது என்னங்க?" என்றார் அவர்.

சத்தம் கேட்டு எதிரிலிருந்த லேத்துப் பட்டறையிலிருந்தும் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து பேர். எதிரே பதினைந்து முகங்கள் இருந்தால் என் முதுகெலும்பு தானே நிமிரும். அது என் பயிற்சி. அன்று அதுவே என் சாபம். பெயிண்டர் அண்ணன் தோளிலிருந்த கதவை ஒருவாறு ஜாக்கியில் இறக்கி வைத்துவிட்டு வந்து சேர்வதற்குள் நான் பேசத் தொடங்கியிருந்தேன்.

"ஐயா, குற்றம் எங்கே நிகழ்ந்தது என்று மூன்றே கேள்விகளில் காட்டுகிறேன். தகடுகள் பத்திரமாக இருந்தனவா? இருந்தன. பைகளில் எழுதப்பட்டிருந்ததா? இதோ, எல்லோரும் பாருங்கள்: வலம், முன். இது வலப்பக்கத்து முன்கதவா, இல்லையா?"

"ஆமா, வலப்பக்கந்தான்" என்றது கூட்டம்.

"அப்படியானால் பையில் தவறில்லை, எழுத்தில் தவறில்லை. எஞ்சி நிற்பது மாட்டிய கை ஒன்றுதான். மேல்கீலின் தகட்டைக் கீழும், கீழ்க்கீலின் தகட்டை மேலும் வைத்த கை. மேலுக்கும் கீழுக்கும் வேறுபாடு தெரியாத கையில் கதவைக் கொடுத்தால், கதவு என்ன செய்யும், பாவம்?"

"அப்பிடிப் போடு!" என்றது ஒரு குரல். கை தட்டினார்கள். சிரித்துக்கொண்டே தட்டினார்கள்.

பெயிண்டர் அண்ணன் ஒரே ஒரு முறை வாய் திறந்தார்.

"தம்பி குடுத்த பைய, தம்பி சொன்ன எடத்துலதான் மாட்டுனேன். சாத்த வேணாம்னும் கத்துனேன்."

"கத்தியது உண்மை. தவறு செய்தவருக்குத்தானே அது முன்கூட்டியே தெரியும்?" என்றேன்.

இந்தக் கைதட்டல் முந்தையதைவிடப் பெரியது. அவர் என்னை உற்றுப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரை அழுக்குத் துணியால் துடைத்து, அது இருக்கவேண்டிய இடத்திலேயே வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். நான் வென்றிருந்தேன்.

ஆயக்குடிக்காரர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மிகுந்த மரியாதையுடன் சொன்னார்.

"நீங்க சொல்றது அத்தனையும் நெசம்னு எனக்கு வெளங்குதுங்க தம்பி. மேலு கீழு தெரியாத ஆள வெச்சு வேலை நடக்குதுன்னு நீங்களே சொன்னதுக்கு அப்பறம், எங்கப்பாரு வண்டிய இந்தப் பட்டறைல எப்பிடிங்க விட்டு வெக்கறது? கல்யாணம் நெருங்கிப்போச்சு. தப்பா நெனைக்காதீங்க, நான் வண்டிய எடுத்துக்கறேன்."

என் வாதத்தை அவர் எவ்விதக் குறையுமின்றி ஏற்றுக்கொண்டுவிட்டார். வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டவரிடம் என்ன பேசுவது என்று எந்த மேடையும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை.

லோடு வண்டியில் காரை ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார். பீடிங்கை வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டியிருந்தார். விளிம்பில் தெரிந்த சாம்பல் நிறத்தைப் பார்த்தார்; ஆயக்குடிக்காரரைப் பார்த்தார்.

"உங்க மச்சினரு எல்லாத்தையும் வெவரமாச் சொல்லிட்டாருங்க" என்றார் அவர்.

"தப்பு எங்க பட்டறையோடதுங்க" என்று மட்டும் மச்சான் சொன்னார். எவர் தப்பு என்று சொல்லவில்லை. லோடு வண்டியின்மேல் ஏறி, கழற்றிக் கிடந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் கோணிச்சாக்கை மடித்துச் சொருகி, வழியில் அவை உரசாதபடி தானே கட்டினார். வாங்கி வந்த பீடிங்கையும் காருக்குள் வைத்துவிட்டு இறங்கினார்.

வண்டி போனபின் கொட்டகை திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. மச்சான் காலிப் பைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மாப்ள, எங்க நின்னு எழுதுன?"

நினைவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கால்களுக்கு நினைவிருந்தது. அவை தாமாகவே போய், பானெட் இருந்த இடத்துக்கு முன்னால், வெறுந்தரையைப் பார்த்து நின்றன.

"அப்ப இதுல இருக்கறது வண்டியோட வலமா, உன்னோட வலமா?"

முன்னால் நின்று பார்ப்பவனுக்கு டிரைவர் பக்கம் இடக்கைப் பக்கம். நான் 'இடம்' என்று எழுதியவை டிரைவர் பக்கத்துத் தகடுகள். மூன்று வாரத்துக்குப் பின் காரின் பக்கவாட்டில் நின்று 'வலம்' என்று தேடி எடுத்துக் கொடுத்தவை மறுபக்கத்துத் தகடுகள். வலமும் இடமும் நிற்கிறவனைப் பொறுத்து மாறும். டிரைவர் உட்காரும் இடம் எங்கிருந்து பார்த்தாலும் மாறாது. பட்டறைக்காரர்கள் அந்த இல்லாத கிளீனரை இறக்கிவிடாமல் வைத்திருந்ததன் காரணம் அதுதான். இதில் வேதனை என்னவென்றால், வேறெவரைக் காட்டிலும் இது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். பட்டிமன்றத்தில் நடுவருக்கு வலப்பக்கம் உட்காரும் அணி, கூட்டத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இடப்பக்கம் தெரியும். அந்த நாற்காலிகளில் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறேன்!

மச்சான் என்னை அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் பைகளைக் கசக்கிப் போட்டுவிட்டுத் தரையைக் கூட்டத் தொடங்கினார்.

வீட்டில் அக்கா அப்படி விடவில்லை.

"பேசுனப்ப எத்தன பேருடா கை தட்டுனாக?"

"அக்கா..."

"சொல்லு. பத்து பேரா, பதினஞ்சா? அவுகளப் பூராம் கூட்டியா. ஆளுக்கு ஒரு வண்டி கொண்டாந்து ஷெட்டுல விடச் சொல்லு. நீ வாயால தட்டித் தட்டியே நிமித்திப்புடுவ."

மச்சான் அடுத்த தெருவுக்கு மூன்று முறை போனார். தவறு எங்கள் வீட்டுத் தவறு என்று சொல்லி, திரும்ப வரும்படி அழைத்தார். பெயிண்டர் அண்ணன் அவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, மூன்று முறையும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினார்: "உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அன்னைக்குக் கை தட்டுனவுக எல்லாம் எங்க தெருக்காரவுக. நான் தெனமும் அவுக மூஞ்சிலதான் முழிக்கிறேன்."

அவர் சொன்னது எதை என்று சில நாள்களில் எனக்கு விளங்கியது. என் சொற்பொழிவிலிருந்து தெரு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டிருந்தது. அவரை இப்போது எவரும் பெயிண்டர் என்று கூப்பிடுவதில்லை. "ஏ மேல்கீழு, டீ போடவா?" "மேல்கீழண்ணே, இந்தக் கதவு தலகீழா இருக்கா பாருங்க?" ஒரு பட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்; பரப்புவதற்கு உழைப்பே தேவையில்லை. கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். புதுப் பட்டறை ஒன்றில் வேலை கேட்டுப் போனபோது அங்கும் அந்தப் பெயர் அவருக்கு முன்னே போய் உட்கார்ந்திருந்ததாம்.

பெயிண்டர் இல்லாத கொட்டகைக்கு வந்த ஒன்றிரண்டு வண்டிகளும் திரும்பிப்போயின. மச்சான் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, செம்பட்டியில் லாரி பாடி கட்டும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் பஸ்சில் போகிறார். என்னைக் கண்டால் இப்போதும் மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார். அந்தச் சொல்லுக்குள் இருந்த கேலி மட்டும் போய்விட்டது.

எல்லாம் முடிந்தபின் ஒரு மாலை, பெயிண்டர் அண்ணன் தெருவிலிருந்த டீக்கடைக்குப் போனேன். அன்று கை தட்டியவர்களில் பாதிப்பேர் பெஞ்சில் இருந்தார்கள். அவர் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க! இன்னைக்கு என்ன தலைப்பு?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் வரவேற்றார்.

சொன்னேன். பையில் எழுதியது தவறு என்று சொன்னேன். எழுதியவன் நான், எடுத்துக் கொடுத்தவன் நான், சாத்தச் சொன்னவனும் நான் என்று சொன்னேன். அந்த மூன்று வாக்கியங்களும் என்னையறியாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூன்றாவதில் குரல் உயர்ந்து நின்றது. பழக்கம்.

லேத்துப் பட்டறைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பாத்தியாப்பா! அன்னைக்கு அந்தப் பக்கம் பேசுனாரு, இன்னைக்கு இந்தப் பக்கம் பேசுறாரு! எந்தப் பக்கம் குடுத்தாலும் ஜெயிப்பாருய்யா!"

கை தட்டினார்கள். என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டதற்கு அவர்கள் கை தட்டினார்கள்.

பெயிண்டர் அண்ணன் தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நல்லாப் பேசுற தம்பி. அன்னைக்கும் நல்லாத்தான் பேசுன. ஆயக்குடிக்காரரு கிட்டப் போயி இதச் சொல்லிப் பாரு. அதையும் நல்லாத்தான் சொல்லுவ. அவரும் தலையாட்டிக் கேட்டுட்டு, இந்தத் தம்பி பொறுப்ப ஏத்துக்கிட்டாரு, எம்புட்டுப் பெரிய மனசுன்னுதான் சொல்லுவாரு. எம்பேரு அப்பவும் மேல்கீழுதான்."

பெஞ்சில் இருந்தவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு என்ன பதிலடி வரும் என்று காத்திருக்கும் முகங்கள். அவற்றை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் பக்கம் பார்க்காமல், அவரை மட்டும் பார்த்து, ஆனால் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"நாளைக்கு மொதல் பஸ்சுக்கு ஆயக்குடி போறேன்ணே. அவர் வீட்டு வாசல்ல, அவரு சொந்தபந்தம் அத்தன பேரையும் கூப்புடச் சொல்லி, ரெண்டே ரெண்டு வார்த்தைதான் சொல்லுவேன்: 'எழுதுனது நாந்தான்.' மூணாவது வார்த்தை என் வாயில இருந்து வராது."